நான் இருக்கிற வரைக்கும் தாங்கும் அடுப்பு

“...ஞாயித்துக்கெழமதான் நீயும் நானும் கண்ணால பாத்தோமே. சீசன் நேரம், பன்னெண்டு ரூமும் நெறஞ்சு கெடக்கு. இப்பப் போயி லீவு லெட்டரக் கொண்டாந்து நீட்டுறியே, நான் என்ன செய்ய, நீயே சொல்லு” என்றார் டீச்சரம்மா.

கடிதம் அவர் கையில் இருந்தது. பேச்சு என்னோடுதான், ஆனால் பார்வை முழுக்க அடுப்பின் மேல். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. எனக்கு லீவு கொடுப்பதும் மறுப்பதும் உண்மையில் அந்த அடுப்புதான்.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு மிஷன் விருந்தினர் இல்லத்தில் நான் சமையல்காரி. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து அந்த இல்லத்தைப் பார்த்துக்கொண்டவர் டீச்சரம்மா. கடிதத்தில் நான் கேட்டிருந்தது இருபது நாள். பெரும்பாறையில் காப்பித் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். அடுத்த வாரத்துக்குள் ஆகிவிடும் என்று தோட்டத்து நர்சம்மா சொல்லி அனுப்பியிருந்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு என்பது நம் பக்கத்து வழக்கம். என் மகளுடைய தாய் வீடு என்பது அந்தச் சமையலறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை. அங்கே அவளை ஏன் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதும் அந்த அடுப்பின் கதையில்தான் வருகிறது.

வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்தில் மலை ஏற்றிக் கொண்டுவந்த வார்ப்பிரும்பு அடுப்பு அது. ரேஞ்சு என்று டீச்சரம்மா சொல்வார். நாங்கள் பெருசு என்போம். ஒரு பக்கம் விறகு போடும் வாய், நடுவில் ரொட்டி சுடும் ஓவன், மறுபக்கம் வெந்நீர்த் தொட்டி, மேலே ஆறு வட்ட மூடி, பின்னால் சுவரைத் துளைத்துக்கொண்டு ஏறும் புகைக்குழாய். அது அணைந்தால் விருந்தாளிகளுக்கு ரொட்டியும் கிடையாது, குளிக்க வெந்நீரும் கிடையாது. மே மாதத்திலும் பச்சைத் தண்ணீரில் குளிக்க முடியாத ஊர்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அது கிழடுதான். முதலில் விறகுக்கு அடியில் கிடக்கும் இரும்புச் சட்டம் நடுவில் தொய்ந்து, பிறகு இரண்டாக ஒடிந்தது. அதைச் சாக்கில் கட்டித் திண்டுக்கல் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, “இதென்னக்கா இந்தக் கனம் கனக்கு, ஆளக் கீள அடிச்சுக் கொண்டுபோறீங்களா?” என்றார். “அடுப்போட பல்லு, விழுந்துருச்சு” என்றேன். “அப்பப் பல்லுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துருங்க” என்று கிழித்துக் கொடுத்துவிட்டார்.

அதே அச்சில் புதுச் சட்டம் வார்த்துத் தர ஆன செலவு என்னுடைய இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேலே. பட்டறைக்காரரிடம் ஓவன் கதவைப் பற்றியும் கேட்டேன். அதன் கொக்கி தேய்ந்துபோய்க் கதவு நிற்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. “வார்ப்பிரும்புல ஒட்டுப்போட்டா நிக்காதுக்கா. ஒரு குளிருக்கு ஒரு சூட்டுக்குத் திரும்ப விட்டுரும். கதவையே புதுசா வார்க்கணும். அதுக்கு ஆகுற காசுக்கு நீங்க ஒரு பசுமாடு வாங்கிறலாம்” என்றார். “மாடு ரொட்டி சுடாதேண்ணே” என்றேன். “ரொட்டி பால் குடுக்காதேக்கா” என்றார் அவர். இப்படிப் பேசுகிறவர்கள் கிடைத்துவிட்டால் எனக்குப் போன காரியம் மறந்துவிடும். கதவுக்கு வழி தெரியாமலே மலையேறி வந்துவிட்டேன்.

வழியை நானே கண்டுபிடித்தேன். அட்டைப்பெட்டியைக் கிழித்து, எட்டாக மடித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகி முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினால் கதவு நிற்கும். மூன்று நாளில் அட்டை கருகி உதிரும், வேறு மடிக்க வேண்டும். காசில்லாத வைத்தியம். டீச்சரம்மா அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று சொல்லி முடியாது. “நீ ஒருத்தி இல்லைன்னா நான் என்னம்மா செய்வேன்” என்றார். அந்தச் சொல் அன்று எனக்குச் சர்க்கரையாக இனித்தது.

அடுத்த மே மாதத்தில்தான் நான் ஒரு வார்த்தையை விட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து, இல்லத்தை நடத்தும் மிஷன் போர்டு ஐயாக்கள் வருவார்கள். அந்த முறை கேஸ் அடுப்பு வாங்குவது பற்றிப் பேச்சு இருந்தது. கேஸ் வந்தால் ஓட்டலில் பழகிய சமையல்காரர் ஒருவரையும் கையோடு கொண்டுவந்துவிடலாம் என்று அவர்கள் வராந்தாவில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. வேலை போனால் பின்னறையும் போகும். புருஷன் இல்லாத எனக்கு அந்த அறையை விட்டால் வேறு கூரை இல்லை. மகள் அப்போது ஆறாம் வகுப்பு.

சாப்பாட்டு மேசையில் பெரிய ஐயா ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, “இந்த ருசி வேற எங்கயும் இல்லம்மா. அந்தப் பழைய ரேஞ்சு இன்னும் எத்தன வருஷத்துக்கு வரும்?” என்று கேட்டார்.

“நான் இருக்கிற வரைக்கும் தாங்கும்ங்கய்யா” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் அதை நோட்டில்கூட எழுதிக்கொண்டார். கேஸ் பேச்சு அத்தோடு போயிற்று. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். என் கையாலேயே கதவைச் சாத்திக்கொண்டேன் என்று தெரிய எனக்குப் பத்து வருஷம் ஆனது.

அதற்குப் பிறகு அடுப்புக்கு வந்த நோயெல்லாம் என் நோய். ஓவன் சூடு காட்டும் முள் செத்துப்போனது. ஒரு தட்டில் மாவைத் தூவி உள்ளே வைத்து, அது எந்த நிறத்துக்கு வருகிறது என்று பார்த்துச் சூட்டைக் கண்டுகொண்டேன். வெந்நீர்த் தொட்டி ஒழுகியது. ஓவனின் அடித்தகடு ஓட்டை விழுந்து, மெட்ராஸிலிருந்து வந்த ஒரு அம்மா, “என்னங்க, கேக்குல பீடி வாசம் வருது” என்றார். மண்ணும் சாம்பலும் உப்பும் குழைத்து ஓட்டையை அடைத்தேன். புகை போகும் பாதையைத் திறந்து மூடுகிற தகடு துருப்பிடித்து இறுகிப்போனது. அதை விறகுக் கட்டையால் தட்டி, தட்டுகிற சத்தத்தை வைத்தே எங்கே நிற்கிறது என்று அறிந்துகொள்ளப் பழகினேன். பள்ளத்திலிருந்து மஞ்சு மூட்டம் ஏறி வரும் நாட்களில் புகைக்குழாய் புகையைத் திருப்பித் துப்பும். அதற்குக் குழாயின் அடியில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, முதலில் பழைய பேப்பரைக் கொளுத்திக் குழாயைச் சூடாக்கிவிட வேண்டும்.

இதையெல்லாம் நான் யாருக்கும் சொல்லித் தரவில்லை. பூண்டியிலிருந்து ஒருத்தி மேல்வேலைக்கு வந்து சேர்ந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், கெட்டிக்காரி. தகட்டைத் தட்டப் போகும் நேரத்திலும் பேப்பர் கொளுத்தும் நேரத்திலும் அவளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிடுவேன். அவள் கற்றுக்கொண்டால் என் அறை அவளுக்குப் போய்விடுமோ என்ற பயம். பயத்தில் செய்ததை வேறு பெயர் சொல்லி மெழுக இப்போது எனக்கு விருப்பம் இல்லை.

மகளுக்கு ஏழாம் மாதம் முடிந்ததும் அழைத்து வந்தேன். மூன்று நாள்தான் இருந்தாள். பின்சுவருக்குள் போகும் புகைக்குழாயில் விரிசல் விழுந்திருந்தது. சுவரை இடித்து மாற்றினால்தான் உண்டு, அந்தச் செலவுக்கு போர்டு ஒப்பவில்லை. விரிசல் வழியே வந்த புகை எங்கள் அறையில்தான் இறங்கியது. எனக்குப் பழகிப்போன புகை. அவள் இருமி இருமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “நீ எப்பிடிம்மா இதுக்குள்ள கெடக்க?” என்று கேட்டாள். நான்காம் நாள் வெள்ளனே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டேன். “நேரம் வரயில நான் வந்துருவேன்” என்று சொன்னேன்.

கடிதம் கொடுப்பதற்கு முன்னால் பூண்டிக்காரியைத் தயார் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளே எல்லாம் செய்யட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று டீச்சரம்மாவிடமும் சொல்லிவைத்தேன். அன்று பார்த்துக் காலையிலேயே மஞ்சு ஏறிவிட்டது.

“தகட்ட இன்னும் கொஞ்சம் தெற” என்றேன்.

“எம்புட்டுக் கொஞ்சம்?”

“கொஞ்சம்னா கொஞ்சம்தான். தட்டுனா சத்தம் மாறும் பாரு.”

“எனக்கு எல்லாம் ஒரே சத்தமாத்தான் கேக்குது” என்றாள்.

அவள் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கக் கூடாது என்று என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு திறக்க வேண்டும் என்று எனக்கே வாயால் சொல்லத் தெரியவில்லை. அது கைக்குத்தான் தெரியும். கால் மணி நேரத்தில் சாப்பாட்டுக் கூடம் முழுக்கப் புகை. விருந்தாளிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புல்தரையில் போய் நின்றார்கள். ரொட்டி ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை மாவு. டீச்சரம்மா முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று பார்த்தார்.

“இத்தன நாளா பக்கத்துலயே நின்ன, ஒண்ணுகூடவா தெரியல?” என்று அவளிடம் கேட்டுவிட்டேன்.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே, “ஆறு வருசமா என்னையத் தண்ணிக்குத்தானக்கா அனுப்புனீங்க” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆனாலும் கடிதத்தை எழுதினேன். படிப்பு எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. மாவுச் சாக்கிலும், டப்பாக்களின் மேலும், விருந்தாளிகள் விட்டுப்போகிற பேப்பரிலும் எழுத்துக் கூட்டிக் கூட்டி வந்தது. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதிய அந்த ஒரு பக்கம்தான் நான் என் கையால் எழுதிய முதல் கடிதம். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருக்கலாமே என்று பின்னால் பலர் கேட்டார்கள். போயிருக்கலாம். திரும்பி வர ஒரு அறை இருந்திருக்காது. மருமகனுடைய தோட்டத்து வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர்.

என் பேத்தியை நான் முதன்முதலாகக் கையில் வாங்கியபோது அவளுக்குக் கழுத்து நின்றுவிட்டது. “அம்மா வந்துரும் வந்துரும்னு எல்லாரும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் சொல்லல” என்றாள் மகள். ஊர்ப் பேச்செல்லாம் பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிற எனக்கு, அந்த ஒரு பேச்சை மட்டும் யாரிடமும் திருப்பிச் சொல்ல வாய் வந்ததில்லை.

கடிதம் கொடுத்த அந்த வியாழக்கிழமைக்கே வருகிறேன். நான் முழங்கை வரைக்கும் மாவில் நின்றுகொண்டிருந்தேன். ஓவனுக்குள் எட்டு ரொட்டி வெந்துகொண்டிருந்தது. ‘நீயே சொல்லு’ என்றுவிட்டு டீச்சரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடிதத்தை இன்னொரு தடவை, கடைசி வரி வரைக்கும் படித்தார்.

“யாரு எழுதிக் குடுத்தது?”

“நாந்தான் எழுதுனேங்க.”

“நீயா? எழுத்து நல்லா நிறுத்தி எழுதியிருக்கியே” என்றார். பள்ளிக்கூடத்தில் நோட்டுத் திருத்திய கை அல்லவா, ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். ஒரு நிமிஷம் எனக்கு நம்பிக்கைகூட வந்தது. “இருபது நாளு வேணாங்க. ஒரு பத்து நாளு. முகத்தப் பாத்துட்டு ஓடியாந்துர்றேன்” என்றேன்.

அப்போது ஓவன் கதவு டங்கென்று விழுந்து திறந்தது. திங்கட்கிழமை செருகிய அட்டை கருகி உதிர்ந்துவிட்டது. சூடு மொத்தமும் வெளியே கொட்டியது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் எட்டு ரொட்டியும் அமுங்கிவிடும்.

“அட்ட எங்க?” என்றார் டீச்சரம்மா.

“தீந்துருச்சுங்க. பஜாருக்குப் போனாத்தான்.”

என் கையை அவர் பார்த்தார், மாவு. அலமாரியைப் பார்த்தார், ஜன்னல் திட்டைப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. “ரொட்டி போயிரும்மா” என்றார், எனக்கா தனக்கா தெரியவில்லை. பிறகு கடிதத்தை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். எட்டாக மடித்து, நான் செய்வதுபோலவே மடிப்பை நகத்தால் அழுத்தி நீவினார். கதவைத் தூக்கிச் சாத்தி, இடுக்கில் அதைச் செருகி, சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினார்.