மூக்கு வேனும் ஐந்தாம் நம்பர் ஆயிலும்

மாப்பிள்ளை ஒரு பழைய ஜீப்பை வாங்கி எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார். காசு கொடுத்து வாங்கியதாகத்தான் சொல்கிறார். ஜீப்பைப் பார்த்தால், தொல்லை விட்டது என்று விற்றவர்களே தள்ளிக்கொண்டு வந்து விட்ட மாதிரி இருக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அதன் அடியிலேயே படுத்துக் கிடக்கிறார். போன ஞாயிறு கியர் பாக்ஸிலிருந்த பழைய ஆயிலை ஒரு பிளாஸ்டிக் பேசினில் இறக்கினார். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்கு, ஜன்னல் வழியாக அந்த வாசம் வந்ததும், என்ன படித்துக்கொண்டிருந்தேன் என்பதே மறந்துவிட்டது.

கியர் ஆயில் வாசம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. எஞ்சின் ஆயில் வாசம் சாது. இது கந்தகம் கலந்தது. தீக்குச்சி கிழித்த கையோடு அழுகின வெங்காயத்தை நறுக்கினால் ஒரு வாடை வருமே, அப்படி. சட்டையில் பட்டால் மூன்று முறை துவைத்தாலும் போகாது. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன்.

மாப்பிள்ளை கையில் இரண்டு டப்பா. "மாமா, இது ஜிஎல் ஃபோரு, இது ஜிஎல் ஃபைவு. ஃபைவுதான பெட்டரு? அதையே ஊத்திடவா?"

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஏன் கத்தினேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் ரொம்ப தூரம் பின்னால் போக வேண்டும். நான் அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் சூப்பர்வைசர். வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக ஃப்யூஸ் கட்டை இருக்குமே, கரண்டு போனால் பிடுங்கிக் கம்பி மாற்றுவோமே, அதுதான் எங்கள் சரக்கு. களிமண்ணை அச்சில் அடித்து, சூளையில் வேக வைத்து, கடைசியில் அதற்குள் பித்தளைத் துண்டுகளை வைத்துத் திருகாணி முடுக்க வேண்டும். முடுக்கும் மேஜையில் எல்லாம் பெண்கள். அந்த மேஜைக்கு ஆள் எடுக்க ஒரு பரீட்சை உண்டு. பித்தளைத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, ஒரு மணி நேரம் மூடி வைத்திருக்கச் சொல்வார்கள். சிலருடைய வேர்வைக்குப் பித்தளை கறுத்துவிடும். அவர்களுக்குக் 'கறுப்புக் கை' என்று பேர் வைத்து, வைக்கோல் சுற்றிப் பெட்டி கட்டும் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். விளையாட்டுக்கு நானும் ஒருநாள் மூடிப் பார்த்தேன். அரை மணியிலேயே கறுத்துவிட்டது. மேஜை முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர் என்பதால் பெட்டி கட்டப் போகாமல் தப்பித்தேன்.

அந்த மேஜையிலேயே ரொம்பச் சுத்தமான கை ரோசாலியுடையது. மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. வேகமான கை, மெதுவான வாய். அவர் கணவர் அந்தோணிதான் எங்கள் யூனிட் வேனுக்கு டிரைவர்.

வேன் என்றால் இப்போது நீங்கள் நினைக்கிற வேன் அல்ல. முன்னால் நீளமாக மூக்கு வைத்தது. ஊரில் எல்லாரும் 'மூக்கு வேன்' என்றே சொன்னார்கள். எங்களுக்கு முந்திப் பிறந்த வண்டி. ஜங்ஷன் பார்சல் ஆபீஸுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோவதும் களிமண் ஏற்றி வருவதும் அதன் வேலை. கரும்பு வெட்டுக் காலத்தில் பெண்ணாடம் ரோட்டில் அதற்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் மாட்டிக்கொண்டால் போதும், மூக்கு வேன் நடைபயிற்சி போகும். அப்போது அந்தோணி கியர் மாற்றுவதைப் பார்க்க வேண்டும். கையில் முறுக்கே இருக்காது. கதவைச் சாத்தும்போது தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று சாத்துவோமே, அந்தப் பதம். பெட்டிக்குள் ஒரு ஃப்யூஸ் கட்டை உடைந்து நான் பார்த்ததில்லை.

ஒருமுறை கியர் ஆயில் மாற்ற வேண்டி வந்தது. அந்தோணி லோடோடு நின்றதால், "நான் வாங்கியாறேன்" என்று நானே சைக்கிளை எடுத்தேன். "தொண்ணூறு ஆயில் சார். டின்னுல நாலுன்னு போட்டிருக்கும், அதப் பாத்து வாங்குங்க" என்றார் அந்தோணி.

கடையில் நாலும் இருந்தது, ஐந்தும் இருந்தது. "அஞ்சு புதுசு சார். லாரிக்காரங்கல்லாம் இதத்தான் கேக்குறாங்க" என்றார் கடைக்காரர். நான் பீங்கான்காரன். எங்கள் தொழிலில் எண் ஏற ஏறத் தரம் ஏறும். ஆயிரத்து நூறு டிகிரியில் வெந்ததைவிட ஆயிரத்து இருநூறில் வெந்தது உசத்தி. அந்தப் படிப்பு போதாதா? ஐந்தை வாங்கி வந்து, அந்தோணி திரும்புவதற்குள் பட்டறை ஆளை வைத்து ஊற்றியும் விட்டேன். நல்லது செய்துவிட்ட பெருமை வேறு.

இரண்டு மாதத்தில் இரண்டாவது கியர் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. அந்தோணி கிளட்ச்சை இரண்டு தடவை மிதித்து, கெஞ்சிக் கொஞ்சிப் போட்டுப் பார்த்தார். ஒருநாள் யூனிட் வாசலிலேயே முதலாளி காதுபட அது அலறியது.

"கியரு போடவே மறந்துட்டியாப்பா? வண்டிய ஒடச்சிட்டியே" என்றார் முதலாளி. வேனைக் காயலாங்கடைக்குப் போட்டுவிட்டு இனி வாடகை டெம்போ வைத்துக்கொள்ளலாம், டிரைவரே வேண்டாம் என்று வாரக் கடைசிக்கு நாளும் குறித்துவிட்டார். அந்தோணி, பதினைந்து வருஷம் ஓட்டிய ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டிவிட்டது. நாலு, ஐந்து. ஆனால் வாய் வரவில்லை. கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம், வேலை போய்விடுமோ என்ற பயம். இதெல்லாம் சமாதானம். உண்மையைச் சொன்னால் நான் கோழை.

மறுநாள் காலை சூளைக்குள் வேக்காடு பார்க்கும் ஓட்டைக்குப் பக்கத்தில், சூடான திட்டின்மேல், இரண்டு கழிவுப் பீங்கான் கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் அந்தோணியின் பழைய டின்னில் மிஞ்சிய ஆயில். இன்னொன்றில் நான் வாங்கி வந்ததில் மிஞ்சியது. இரண்டிலும் ஒவ்வொரு பித்தளைத் துண்டு. அந்த ஓட்டையில் ஒரு நாளைக்கு நாலு தடவை நான்தான் வந்து பார்க்க வேண்டும். மூன்று நாளில் பன்னிரண்டு தடவை அந்தக் கிண்ணங்களைத் தாண்டிப் போனேன். உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லை. ரோசாலி மேஜையில் தலை குனிந்து திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் அவரே இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றார். ஒரு துண்டு பளபளவென்று இருந்தது. மற்றது கரித்துண்டு.

"கியரு பாக்ஸுக்குள்ள இருக்குற வளையமும் பித்தளதாங்க. இவுரு கையில தப்பு இல்லீங்க. ஆயிலுக்குத்தான் கறுப்புக் கை."

முதலாளி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத யாரு வாங்கியாந்தது?"

ரோசாலி என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தோணியும்தான். அவர்கள் இருவருக்கும் தெரியும், ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையை இரண்டு பேரும் சொல்லவில்லை.

"நான்தாங்க" என்றேன்.

முதலாளி வைதார், நன்றாகவே வைதார். வேலை போகவில்லை. பழைய நம்பர் ஆயில் ஊற்றி நாலு நாள் ஓட்டியதும் வேன் குரலை இறக்கிக்கொண்டது. இரண்டாவது கியர் மட்டும் கடைசிவரை கொஞ்சம் முறைப்பாகவே இருந்தது. ஆயுத பூஜைக்கு அந்தோணி அதன் மூக்குக்குச் சந்தனம் வைத்தபோது, பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார், வண்டியே மறந்துடுச்சி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரோசாலியிடம் கேட்டேன்: "பித்தளை கறுக்க மூணு நாளா ஆச்சு?"

"மொத நாளு சாயங்காலமே கறுத்துடுச்சிங்க சார். நீங்களா சொல்லுவீங்கன்னுதான் வெச்சிருந்தேன்."

இப்போது வீடுகளில் ஃப்யூஸ் கட்டை இல்லை. சட்டென்று விழுந்து தானே அணைகிற சுவிட்சு வந்துவிட்டது. யூனிட்டை மூடி, சூளையை இடித்து, மனைக்கல் நட்டிருக்கிறார்கள். மூக்கு வேன் முதலாளி சொன்ன காயலாங்கடைக்கே, பத்து வருஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தோணியும் ரோசாலியும் மகளோடு ஊர் மாறிப் போனார்கள். எங்கே என்று விசாரித்துப் போகாதது என் சோம்பேறித்தனம்.

நான் வாசலில் நின்று கதையை ஆரம்பிப்பதற்குள் மாப்பிள்ளை போனைத் தட்டிப் பார்த்துவிட்டார். "நீங்க கத்துனது கரெக்ட்டு மாமா. பழைய கியர் பாக்ஸுல பித்தளை இருக்குமாம், ஃபோருதான் ஊத்தணுமாம்."

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. நல்லதுதான், ஜீப் பிழைத்தது. எனக்கு மூன்று நாள் தேவைப்பட்டது. அதுவரை காத்திருக்க ஒருத்தர் இருந்தார், தன் புருஷன் வேலை போகிற வாரத்தில்.