வெர்னா வாங்க வந்த ஹிட்ச்

வெர்னா என் டிரெய்லர் சாமான் கடைக்குள் நுழைந்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். அலமாரியில் இருக்கும் கொக்கி, போல்ட் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து வேறு இடத்தில் வைப்பாள். கனடாவில் எங்கள் ஊரான லெத்பிரிட்ஜில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற பிறகு, நல்லாயிருந்த வேலியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டாள். அதுவும் முடிந்ததும் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு, பதினேழு அடியில் ஒரு கேம்பரை வாங்கி வாசலில் நிறுத்தினாள்.

அவளுக்கு அவசரம். புருஷன் எல்டனுக்கு நடுக்குவாதம். அடுத்த கோடையில் நெடும்பயணத்தை நம்ப வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பனி விழுவதற்குள் அவனைக் கிழக்குக் கடல்வரை கூட்டிப்போக வேண்டும். அதற்கு, கேம்பரின் பாரத்தைக் காரின் முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் என்ற இணைப்பு வேண்டும். இரண்டு எஃகுக் கம்பிகள், இரண்டு சங்கிலிகள், அவ்வளவுதான். அதை வாங்கத்தான் மூன்று வாரமாக என் உயிரை எடுத்தாள்.

முகாம்களில் பார்த்தால் ஆம்பளை ஸ்டியரிங்கில் இருப்பான், பெண்டாட்டி பின்னால் நின்று கையசைப்பாள். இவர்கள் வீட்டில் தலைகீழ். ஓட்டுவது அவள், கேம்பரைக் காரில் மாட்டுவது எல்டன். நாற்பது வருடமாக ஒருவர் வேலையில் மற்றவர் கை வைத்ததே கிடையாது.

குளியலறைத் தராசும் ஒரு பலகையும் கொடுத்து, கேம்பரின் மூக்கை, அதாவது காரில் கோக்கும் முன்நுனியை, எடை போட்டு வரச் சொன்னேன். ஐந்நூற்று இருபது பவுண்டு என்றாள். "அறுநூறு தாங்குற கம்பி எடுத்துக்க" என்றேன். முகம் சுருங்கிப் போய்விட்டாள். நாலு நாள் கழித்துக் கேம்பரையே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப மூக்கு முந்நூறுதான் இருக்கு. இருக்கறதுலயே சின்னக் கம்பியா குடு."

வெளியே போய்க் கேம்பரைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கேன், டூல் பெட்டி, அடுப்பு, எல்லாம் பின்கட்டிலுக்கு அடியில் அடைந்து கிடந்தன.

"வர்ற வழியில ஆடிச்சா?"

"ஆத்துப் பாலத்துல. ரெண்டு தடவை பக்கத்து லேனுக்குப் போயிடுச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "மூக்குல பாரம் இல்லன்னா அது வாலை ஆட்டும்னு தெரியாதா உனக்கு? இந்தக் காத்துல? ஊர்ப் பிள்ளைங்கள ஏத்திட்டுப் போனவதானே நீ? அறிவு இருக்கா?"

அன்றைக்குத்தான் அவள் எதையும் தொடாமல் ஓர் இடத்தில் நின்றாள். "கம்பி கனமா இருந்தா அவனால இழுத்து மாட்ட முடியாது க்ளென். வேற என்ன செய்யச் சொல்ற? நானே மாட்டிட்டா அவனுக்குன்னு என்ன இருக்கு?"

திட்டியதற்காக எனக்கே வெட்கமாக இருந்தது. சாமான்களை முன்னால் மாற்றிக் கொடுத்து, நாளைக்கு எல்டனையும் கூட்டிவரச் சொன்னேன்.

மறுநாள் அறுநூறு பவுண்டுக் கம்பியைப் பொருத்தினேன். கேம்பரைக் காரில் கோத்த பிறகு, கேம்பரின் முன் ஜாக்கியைத் திருகி மூக்கையும் காரின் பின்பக்கத்தையும் சேர்த்து உயர்த்திக் காட்டினேன். அப்படி உயர்த்தினால் சங்கிலி தொளதொளத்துவிடும், மாட்டப் பலமே வேண்டாம். எல்டன் குனிந்து, நடுங்குகிற கையால் முதல் பக்கச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினான். ரொம்ப நேரம் பிடித்தது. உதவிக்குப் போகாமல் இருக்க வெர்னா கையிரண்டையும் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

அவன் நிமிர்ந்து, "அந்தப் பக்கம் நீ மாட்டு" என்றான்.

"அது உன் வேலை."

"மாட்டுன்னா மாட்டு."

மாட்டினாள்.

"இங்க சங்கிலியில அஞ்சாவது கண்ணி, அங்க நாலாவதா? ரெண்டும் ஒண்ணா இருக்க வேண்டாமா?" அவன் குரல் உடைந்து மெதுவாகத்தான் வந்தது, ஆனால் திட்டுதான்.

"நான் எதுக்கு இதைக் கத்துக்கணும்? நீ இல்லாம நான் எங்கயும் போகப் போறதில்ல."

"போவ. உன்னால வீட்டுல உக்கார முடியாது. எனக்குத் தெரியாதா? அதான் நான் இருக்கும்போதே சொல்லித் தர்றேன். கழட்டு."

வெர்னா கழற்றினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாய்விட்டு எண்ணி, ஐந்தாவது கண்ணியில் மாட்டினாள்.