பை நிறையாத நாள்

என் அண்ணிக்கு டயாலிசிஸ் வார்டில் வேலை. இயந்திரத்தைக் கழுவி, குழாய் மாட்டி, ஊசி குத்தி, முடியும்வரை பக்கத்திலேயே நிற்பவர். வார்டில் அவருக்கு 'உம்மணாமூஞ்சி' என்று பட்டப்பெயர். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் வைத்திருப்பேன்.

அதே வார்டில் என் அண்ணனும் போய்ப் படுக்க வேண்டி வந்தது. கட்டிய புருஷனுக்கும் அவரேதான் ஊசி குத்தினார். கடைசியில் என் சிறுநீரகம் ஒன்றை எடுத்து அண்ணனுக்கு வைத்தார்கள்.

வைத்த அன்றே சிறுநீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கட்டிலோரம் தொங்கிய பையை மாற்றி மாளவில்லை. மறுநாள் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய்க் காட்டினார்கள். வீட்டார் எல்லோரும் வாயெல்லாம் பல்லாக நிற்க, அண்ணி மட்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்த அதையே வெறித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்தது என் உறுப்பு. நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

சில நாள் கழித்து மெல்ல நடந்துபோய்ப் பார்த்தேன். பையில் பாதிகூட இல்லை. இருந்ததும் நல்ல மஞ்சள்.

"அண்ணி, என்னோடது நின்னுபோச்சா?"

அண்ணி சிரித்தார்.

"இப்பதான் வேலையே ஆரம்பிச்சிருக்கு. இத்தனை நாளா வடிகட்டி மட்டும்தான் முழிச்சிருந்துச்சு. அதுக்குப் பின்னாடி இருக்கற குழாயெல்லாம் அரைத்தூக்கம். வடிஞ்ச தண்ணி அப்படியே வெளிய போச்சு. முழிக்காமலே போயிடுமோன்னு எனக்கு உசிரே இல்ல. ரத்த டெஸ்ட்டும் நல்லா வந்திருக்குன்னு டாக்டர் இப்பதான் சொல்லிட்டுப் போனார்."

கட்டிலோரம் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். நல்ல உடம்பில் ஒரு நாளைக்கு நூற்றைம்பது லிட்டருக்கு மேல் வடிகிறதாம். வெளியே போவது ஒன்றிரண்டு லிட்டர்தான். கண்ணுக்கே தெரியாத அந்தக் குழாய்கள் சர்க்கரையை ஆரம்பத்திலேயே ஒட்ட எடுத்துக்கொள்கின்றன. உப்பையும் தண்ணீரையும் உடம்புக்கு வேண்டிய அளவு பார்த்து வழிநெடுக மீட்கின்றன. வடிகட்டியில் வடியாமல் ரத்தத்திலேயே தங்கிய அமிலத்தையும் மருந்துக் கழிவையும் பிடித்துச் சிறுநீருக்குள் தள்ளிவிடுகின்றன.

"என் மிஷினுக்கு எதை எடுக்கணும், எதை விடணும்னு ஒவ்வொரு தடவையும் நான் சொல்லணும். இதை அறுத்தெடுத்து, ஐஸ்ல வச்சு, வேற ஆளுக்குள்ள தச்சோம். கண்ணு முழிச்சதும் இந்த ஆளுக்கு என்ன வேணும்னு பாக்குது. இதுக்கு யாரு சொன்னா?"

தையல் இல்லாத பக்கம் நான் கை வைத்துக்கொண்டேன்.

"அப்ப இங்க இருக்கறது?"

"உனக்குப் பொறந்ததுலேர்ந்து செஞ்சுட்டிருக்கு. இப்ப நீ குடுத்துட்டதோட வேலையையும் சேத்துப் பாக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குள்ளேயே இருந்துகொண்டு இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றியதை, பாதியைக் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.