ரயில்வே கேட்டில் ஆறாவது நாள்

அது 1994, ஆடி மாதம். பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் குடியிருந்தோம். மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. நெஞ்சில் சளி கட்டியதால் சிகரெட்டை விடச் சொல்லிவிட்டார் டாக்டர். ஒரு நாளைக்குப் பதினான்கு பிடிப்பவன் நான்.

"நீங்க உட்டா நானும் பொகையலைய உட்டுர்றனுங்க" என்றாள் மனைவி. வெற்றிலையோடு ஒரு கிள்ளு புகையிலை போடுவது அவள் வழக்கம். ஒரே திங்கட்கிழமை இருவரும் நிறுத்தினோம்.

வீடே என்னைத்தான் கவனித்தது. எனக்குக் கோபம் வரும் என்று மகள் எல்லோரையும் எச்சரித்து வைத்தாள். கோபம் வரவில்லை, மந்தம்தான் வந்தது. பூட்டை ஐந்து முறை இழுத்துப் பார்ப்பேன். பிறகும் திரும்பி வருவேன். எந்தச் சட்டை போடுவது என்பதற்கே கால் மணி நேரம் ஆகும். மனைவி நேர்மாறு. மூன்றாம் நாள், அவள் அம்மா கொடுத்த பித்தளை அண்டாவைத் தெருவில் வந்த பாத்திரக்காரனிடம் போட்டு இரண்டு பிளாஸ்டிக் குடம் வாங்கியிருந்தாள்.

"ஏன் அம்மணி?" என்றேன்.

"தோணுச்சுங்க, குடுத்துப்போட்டேன்."

ஆடிக் காற்று தலைக்கேறிவிட்டது என்று கேலி செய்தேன்.

ஆறாம் நாள் காலை, சூலூரில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் நிறுத்தத்தில் எங்கள் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"பஸ் போயிருமுங்க."

"போகட்டும். அடுத்தது பதினெட்டு நிமிஷத்துல வரும்" என்று கடிகாரத்தைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது பக்கத்தில் அவள் இல்லை. கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்துவிட்டாள். தண்டவாள இடுக்கில் அவள் செருப்பு மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடாமல், குனிந்து அதை இழுத்தாள். வளைவில் ரயில் கூவியது.

நான் ஓடவில்லை. கூப்பிடுவதா, உள்ளே போவதா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். கேட் ஓரத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூடையைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்து, அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தார். ரயில் கடந்தது. ஏழு பெட்டி. அந்த நேரத்திலும் எண்ணியிருக்கிறேன், சொல்லவே கூசுகிறது.

கேட்காரர் கத்திக்கொண்டு வந்தார். "ஏனுங்கம்மா, ஊட்ல சொல்லிப்போட்டுத்தான் வந்தீங்களா?"

"ஊட்டுக்காரரே அங்கதானுங்க நிக்கறாரு" என்றாள் மனைவி, என்னைக் காட்டி. நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் தலை குனிந்தேன்.

பூக்காரம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. என் மனைவியின் வாயையே பார்த்தார். அதில் ஒன்றும் இல்லாமலே உதடு மென்றுகொண்டிருந்தது.

"பொகையல உட்டுட்டீங்களாக்கும்? எத்தன நாளாச்சு?"

"ஆறு நாளுங்க."

"அதானுங்க. நான் உட்டப்ப அடுப்புல பால வெச்சுப்போட்டு பஸ் ஏறிட்டேன். நம்ம பொம்பளைங்களுக்கு அத உட்டா றெக்க மொளச்சுருமுங்க. எங்கூட்டுக்காரரு பீடிய உட்டாரு, ஒரு மாசம் அம்மிக்கல்லாட்டம் ஒக்காந்துட்டாரு." பிறகு என்னைப் பார்த்து, "அவிய கையப் புடிச்சுட்டு நடங்க சாமி" என்றார்.

சிதறிய பூவை நான் பொறுக்கப் போனேன். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

பின்னால் டாக்டரிடம் கேட்டேன். புகையிலையை விடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை போலிருக்கிறது, உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடுவாள் என்று அவர் திருப்பிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவளையே கேட்டேன். "இத்தன வருசத்துல இப்பத்தான் கேக்கறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாற்பதாம் நாள் நான் திருட்டுத்தனமாக மறுபடி பற்ற வைத்தேன். அவளோ புகையிலையைத் தொடவே இல்லை.

அதுவரை முப்பத்தொரு வருடம் அவள் கூடவே வாழ்ந்த எனக்குத் தெரியாதது, யாரோ ஒரு பூக்காரம்மாவுக்கு ஒரு பார்வையில் தெரிந்திருக்கிறது என்பதை நினைத்தால், இந்த வயதிலும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.