இருபத்தாறாம் நாள் ஆட்டம்

1928ஆம் ஆண்டில், இறந்து இருபத்தாறு நாளே ஆன ஒருவனின் பெயரில் இன்னொருவனைக் கோல் காக்க நிறுத்தினேன். நான் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர். இறந்த கதிரேசு என்னிடம் படித்தவன். ஊரில் பிறந்தவர்கள் மட்டுமே ஆடலாம் என்பது போட்டியின் விதி. கொடுத்த பட்டியலில் கதிரேசுவின் பெயர் இருந்தது. காய்ச்சலில் அவன் போனதும், குருநகரிலிருந்து சூசை என்ற மீனவ இளைஞனைக் கூட்டிவந்து அந்தப் பெயரிலேயே எங்கள் மைதானத்தில் இறக்கினேன். சந்தேகம் வராதிருக்க, பார்க்க வந்த ஊர்ச்சனம் முழுவதையும் "கதிரேசு" என்று கூப்பிடச் சொன்னதும் நான்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை செத்தவரின் ஆவி வீட்டைச் சுற்றி நிற்கும் என்பது எங்கள் பக்க நம்பிக்கை. அதுவரை அவர் பெயரை உரத்துக் கூப்பிடமாட்டார்கள். படித்த திமிரில் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கோப்பை கிடைத்தது. கதிரேசுவின் தாய் தங்கம்மாவோ, மகன் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லி அந்தியேட்டி செய்ய மறுத்துவிட்டார். நான் ஆசிரியர் வேலையில் இடமாற்றம் கேட்டுக் கொழும்புக்குப் போனேன். பத்தொன்பது வருடம் கழித்து, 1947 மாசியில் திரும்பிய பயணம் இது.

காலை ஏழேகாலுக்கு யாழ்ப்பாண நிலையத்தில் இறங்கி, நேரே குருநகர் போனேன். கடற்கரையில் சூசை வலை உலர்த்திக்கொண்டிருந்தான். நாற்பதைத் தாண்டிய உடம்பு. கைகள் மட்டும் அன்றுபோலவே அகலம். தங்கம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன், நீயும் வா என்றேன்.

"பத்தொன்பது வருசம் பிந்தி விசில் ஊதப் போறியளோ மாஸ்ரர்?" என்று சிரித்தான். பிறகு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

ஒன்பதரைக்குக் காங்கேசன்துறை பஸ். மாவிட்டபுரத்துக்கு ஆளுக்கு முப்பது சதம். ஏறத்தாழப் பத்து மைல். கோண்டாவில் கழிந்ததும் மண் சிவக்கிறது. இருபுறமும் புகையிலைத் தோட்டங்கள், கிணறுகளில் ஏறி இறங்கும் துலாக்கள். சூசையின் மடியிலிருந்த பொட்டலத்தைக் கண்டக்டர் மோந்து பார்த்தார்.

"என்ன அண்ணை, சைவ ஊருக்குக் கருவாடோ?"

"போயிலை. உங்கடை மூக்குத்தான் கருவாடு."

பஸ் சிரித்தது. சுன்னாகம் தாண்டியது. சூசை தணிந்த குரலில் சொன்னான்: "மாஸ்ரர், ஆட்டத்துக்கு முன்னம் எடுத்த கழகப் படத்திலை முகம் என்ரை, பேர் அவன்ரை. கடலிலை தனிய நிக்கேக்கை ஆரோ கதிரேசு எண்டு கூப்பிடுற மாதிரிக் கிடக்கும். நான் திரும்பிப் பாக்கிறனான். ஒருத்தரும் இருக்கிறேல்லை."

மாவிட்டபுரத்தில் இறங்கி, கீரிமலை வீதியில் முக்கால் மைல் நடந்தோம். கழகத்தின் மைதானம் இருந்த இடம் இப்போது புகையிலைத் தோட்டம். 1923இல், சாமை அறுத்த தரையில் வெறுங்காலோடு தொடங்கிய கழகம் அது. பனங்கட்டைகள்தான் கோல் கம்பங்கள். தென்னங்கயிற்றில் நாங்களே வலை பின்னினோம். கோப்பை வென்ற மறு வருடம் மூன்று பேர் கோல் காத்துப் பார்த்ததாகக் கொழும்பில் கேள்விப்பட்டேன். மூவரும் ஒன்றையே சொல்லி விலகினார்கள்: முதுகுக்குப் பின்னால் ஒருவன் நிற்கிறான். பிறகு ஆட்கள் குறைந்தார்கள். யுத்தம் வந்து பந்தும் கிடைக்காமற்போகக் கழகம் கலைந்தது.

தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் அந்த இரண்டு கட்டைகளும் நின்றன. அவற்றுக்கிடையே இருபத்துநாலு அடி அகலத் துண்டு ஒன்றில் மட்டும் கன்று நடவில்லை. ஒரு சருகும் அங்கே இல்லை. விளக்குமாறு இழுத்த கோடுகள் தெரிந்தன.

"தங்கம்மாக்கா கூட்டுறவ, ஒவ்வொரு நாளும்," என்றார் தோட்டக்காரர். "நடவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டா. நானும் நடேல்லை. ஏன் வீண் சோலி?"

தோட்டத்தை ஒட்டியிருந்த தங்கம்மா வீட்டு வேலியோரப் பூவரசில் ஒரு மண் முட்டி தொங்கியது. அது கதிரேசுவின் சாம்பல். கயிறு புதியது. தங்கம்மா முற்றத்தில் நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பட்டியல், சூசை, கூப்பிடச் சொன்னது.

"அக்கா, அண்டைக்குப் பந்து பிடிச்சது இவன். கதிரேசு இல்லை."

"எனக்குக் கண் தெரியாதே வாத்தியார்? உவன்தான் பிடிச்சவன் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் கிரியையை மறிச்சனீங்கள்?"

"ஊரே சேந்து கூப்பிட்டனீங்கள். அவன் வந்திட்டான். சனமெல்லாம் போன பிறகு பின்னேரம் கிணத்தடியிலை நிண்டு தண்ணி கேட்டவன். ஆட்டம் முடிய வாறன் எண்டிட்டுப் போனவன்." அவர் சூசையைப் பார்த்தார். "தண்ணி கேட்டது உவனோ எண்டு கேளும்."

சூசை தலையாட்டி மறுத்தான். ஆட்டம் முடிந்ததும் அவனை லொறியில் ஏற்றி அனுப்பியது நானேதான்.

"கூப்பிட்டது நீர். நீரே சொல்லும்," என்றார் தங்கம்மா.

மாலை ஐந்து மணிக்கு மூவரும் கட்டைகளுக்கு முன்னால் நின்றோம். காற்று விழுந்திருந்தது. புகையிலை இலை ஒன்றும் அசையவில்லை. அறுபத்துநாலு வயதில், வெறும் மண்ணைப் பார்த்துப் பேசினேன்.

"கதிரேசு, ஆட்டம் முடிஞ்சுது. நாங்கள் வெண்டிட்டம். பிழை என்னிலைதான். போயிட்டு வா ராசா."

தோட்டத்துக்கு நடுவே ஒரு பாத்தி அகலத்துக்கு மட்டும் இலைகள் சாய்ந்து நிமிர்ந்தன. தொடக்கம் கோல் கட்டைகள், முடிவு கடல் பக்கம். காற்றாக இருக்கலாம். தங்கம்மா விளக்குமாற்றைக் கட்டையோடு சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை கீரிமலையில் அந்தியேட்டி நடந்தது. தங்கம்மாவின் தம்பி மகன் கருமம் செய்து சாம்பலைக் கடலில் கரைத்தான். சூசை கேணிச் சுவருக்கு வெளியே நின்று சிலுவை போட்டுக்கொண்டான். தங்கம்மா அழவில்லை. "இனிக் கொஞ்சம் படுக்கலாம்," என்றார்.

பதினொரு மணிக்குத் திரும்பும் வழியில் பார்த்தபோது, கட்டைகளுக்கிடையே பூவரசஞ் சருகுகள் கிடந்தன. பஸ் சுன்னாகத்தில் நின்றது. முன்னால் தூங்கிய யாரோ ஒருவரை எழுப்பக் கண்டக்டர் குரல் கொடுத்தார்: "கதிரேசண்ணை, இறங்குங்கோ."

சூசை அசையவில்லை. வெளியே வெங்காயச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்தான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெயர் கேட்டால் திரும்பிப் பார்ப்பது அன்று தொடங்கியது, கொழும்பிலும் நிற்கவில்லை.