அவள் குரலுக்காக ஒரு மனு

எங்கள் வீட்டு ஜெபத்தில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. வேதம் வாசிப்பது நான், ஜெபிப்பது என் மனைவி, ஆமென் சொல்வது இருவரும். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஏற்பாடு மாறவில்லை. நான் ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் எழுதிக்கொண்டு வருவதற்கு ஒப்பமிடுவது எனக்குப் பழகிப்போன காரியம். பரலோகத்துக்குப் போக வேண்டிய தாள்களையும் அவள் பொறுப்பில் விட்டிருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு மண்ணூரில் வீடு கட்டினோம். சுற்றிலும் நெல் வயல்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனிகளாகிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. காலை ஷிப்ட் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் நேரத்தில்தான் அவள் கண்ணை மூடுவாள். மாடி அறைகளில் வாடகைக்கு இருந்த தெற்கத்திப் பையன்களுக்கு ஓ.டி. கிடைக்க வேண்டும் என்று கேட்பாள். கிடைத்த ஓ.டி.யால் உடம்பு கெடக்கூடாது என்றும் கேட்பாள். பக்கத்து வீட்டு அம்மாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து வாசலிலேயே நின்று சொல்வார்:

"எங்க பையனைக் கம்பெனில பர்மனென்ட் பண்ணச் சொல்லிக் கேளும்மா உங்க சாமிகிட்ட. எங்க ஆத்தாளையும் கேட்டுக்கினுதான் கீறேன். யாரு மொதல்ல பண்ணாலும் சரி."

பையன் பர்மனென்ட் ஆனான். எந்த அலுவலகம் உத்தரவிட்டது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

ஒரு காலையில் இட்லித் தட்டை இறக்கப் போனவள் அடுப்படியிலேயே விழுந்தாள். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் போயின. "கை கால் கொஞ்சம் தேறும். பேச்சு வர்றதா இருந்தா ஆறு மாசத்துக்குள்ள வரணும்" என்றார் டாக்டர். காலக்கெடு என்றால் எனக்குப் புரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு ஜெபம் நின்றுவிட்டது. நான் வாசிப்பேன், மூடுவேன், இருவரும் ஒருவரையொருவர் பார்ப்போம். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம். என்னைவிட இளையவரான அந்த ஐயரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன், எனக்கு வாய்விட்டு ஜெபிக்க வரவில்லை என்று.

"எழுத வருமில்ல சார்?" என்றார். "எழுதுங்க. தினம் ஒரு பக்கம். கேட்டதையும் எழுதுங்க, கிடைச்சதையும் எழுதுங்க. ஜெபம் தானா வளரும்."

எழுத வருமா என்று என்னைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

நீள நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்: நாள், பொருள், பார்வை, பதில். பொருள்: மனைவிக்குப் பேச்சு திரும்பக் கிடைக்கச் செய்தல், தொடர்பாக. பார்வை என்ற இடத்தில், கேட்டால் தருவேன் என்று ஆண்டவரே வாக்குக் கொடுத்திருக்கும் வசனங்களின் எண்கள். தம் சொந்த உத்தரவை எந்த அதிகாரியும் மறுக்க முடியாது. பதில் வராததால் முதல் நினைவூட்டு எழுதினேன். 'மேற்படி மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அதை அவளுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் சிரித்தாள். சத்தமில்லாமல், வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இரண்டாம் நினைவூட்டை இன்னும் கடுமையாக எழுதினேன்.

மூன்றாவதை வாசித்தபோது அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளைக் குளிப்பாட்ட வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார், எப்பப் பாத்தாலும் எழுதிக்கினே கீறே? தாலுகா ஆபீஸுன்னு நெனச்சிக்கினியா? அந்தம்மா சாமிகிட்ட எப்பிடிக் கேட்டுக்கினு இருந்துச்சு! வாயத் தொறந்து கேளு சார்."

மூன்று நினைவூட்டுகளுக்கும் பதில் இல்லையென்றால் அடுத்த படி நேர்முகக் கடிதம். பதவிக்கு எழுதாமல் ஆளுக்கு எழுதுவது. எண்ணும் பொருளும் இல்லாமல் 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டும். நடைமுறைப்படி அன்று காலை அன்புள்ள என்று எழுதினேன். யாருக்கு என்ற இடத்தில் பேனா நின்றது. வெகுநேரம் கழித்து அப்பா என்று எழுதினேன். பிறகு கோடுகளைத் தாண்டிக் கை தன்பாட்டுக்குப் போனது. 'எனக்கு இவள் பேச வேண்டும். காபியில் சர்க்கரை போட்டதற்குத் திட்டினாலும் போதும். இந்த வீட்டில் என் குரல் மட்டும் கேட்பதை என்னால் தாங்க முடியவில்லை.'

அதையும் வாசித்தேன். பாதி வாசிப்பதற்குள் அவள் இடது கையை நீட்டி நோட்டை மூடினாள். அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு கண்ணையும் மூடினாள். அவள் ஜெபிக்க உட்காரும் விதம் அது. ஆனால் இப்போது காத்திருந்தாள்.

"அப்பா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வெளியே பஸ் ஒன்று வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இவளுக்குப் பேச்சைத் தாரும்" என்றேன். என் வாழ்க்கையில் நான் வாய்விட்டுச் செய்த முதல் ஜெபம் அவ்வளவுதான். ஆமென் சொல்ல அவள் உதடுகள் கூடின. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

அன்றிலிருந்து முதலில் எழுதுவேன், பிறகு நோட்டை மூடிவிட்டுச் சொல்வேன். ஒரு வாக்கியம் நாலைந்து ஆயிற்று. மாடிப் பையன்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஜெபத்துக்குள் வந்தார்கள். யாரையாவது விட்டுவிட்டால் அவள் விரலால் மாடியைக் காட்டுவாள். ஐயர் சொன்னது சரிதான், என் ஜெபம் வளர்ந்தது. எதற்காகக் கேட்டேனோ அந்தப் பேச்சு வரவில்லை. டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. அதைத் தாண்டியும் கேட்டேன். காலதாமதத்தை மன்னித்து ஏற்கும் விதி எல்லாத் துறையிலும் உண்டு. மழைக்காலத்தில் இரண்டாவது முறை வாதம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில், ஒரு வார்த்தையும் சொல்லாமல், போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் ஐயர் வீட்டுக்கு வந்தார். மேஜையில் நோட்டு திறந்திருந்தது. அன்றைய பக்கத்திலும் அதே பொருள்.

"சார், மரிச்சவங்களுக்காக ஜெபிக்கிறது நம்ம முறையில்ல."

"முறை எனக்குத் தெரியாதா ஐயரே?"

"அப்புறம் இது?"

"இது அவளுக்காக இல்ல. மனுதாரர் நான். மனுதாரர் செத்தாதான் மனு தள்ளுபடி ஆகும்."

அவர் நோட்டைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். "இப்போ என்ன கேக்குறீங்க?"

"அவ குரலக் கேக்கணும். இங்க இல்லன்னு ஆயிடுச்சு. அங்கயாவது."

ஐயர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். ஜெபம் பண்ணட்டுமா என்றார். நானே பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினேன். தடுமாறாமல் ஜெபித்தேன். மாடிப் பையன்கள், பக்கத்து வீடு, எல்லாரையும் சொன்னேன். முடித்ததும் ஐயர் ஆமென் என்றார். சபை முழுக்க நிறைக்கும் கனத்த குரல் அவருக்கு. எனக்கு அது போதவில்லை.