செவ்வாய்க்கிழமை எப்படிச் சூரியனைச் சுற்றும்?

வவுனியாவில் தையல் கடை வைத்திருந்த றிஸானாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. எட்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவள், முப்பத்துநாலு வயதில் பதினோராம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை எழுதக் கிளம்பினாள். சனிக்கிழமை வகுப்பில் அவளைப் போலவே ஏழு பேர். எல்லாரும் வளர்ந்தவர்கள், எல்லாருக்கும் சைகைதான் பேச்சு.

வகுப்பு எடுத்த யோகலிங்கம் சேருக்குச் சைகை நன்றாக வரும். சந்தைக் கதை, கலியாணக் கதை, சண்டை, எல்லாம் அவர் கையில் ஓடும். விஞ்ஞானம் என்றதும் கை நின்றுவிடும். சடப்பொருள், ஆவியாதல், ஒடுங்கல் என்ற சொற்களுக்கு அவரிடம் சைகை இல்லை. எழுத்தெழுத்தாக விரலில் காட்டுவார். கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோகும்.

சூரியத் தொகுதிப் பாடத்தில் அவர் ஒரு சுருக்குவழி பிடித்தார். கோள்களுக்குக் கிழமைச் சைகைகளையே காட்டினார். மோட்டார் சைக்கிள் திருத்தும் கிருசாந்தன் கையை உயர்த்தினான்.

"சேர், செவ்வாய்க்கிழமை எப்பிடிச் சூரியனைச் சுத்தும்? புதன்கிழமை வேற சூரியனுக்குக் கிட்ட நிக்குதே?" என்று சைகையில் கேட்டான்.

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. றிஸானா சிரித்துக்கொண்டே எழுந்தாள். இடக்கையைப் பந்தாகப் பொத்தி, வலது விரலால் நூல் சுற்றுவதுபோல் அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டாள்.

"இது சனி. கிழமையில்ல, கோள்."

சேர் அதைத் தன் கையில் செய்து பார்த்தார். "இன்னொருக்காச் செய்யுங்கோ, தங்கச்சி."

அன்றோடு ஆளுக்கொரு சைகையோடு வரத் தொடங்கினார்கள். இறுகப் பொத்திய இரண்டு முட்டி திண்மம். ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் விரல்கள் திரவம். உதறி விரித்த விரல்கள் வாயு. ஆவி தண்ணீராகிற ஒடுங்கலில்தான் சண்டை வந்தது. கிருசாந்தன் நெற்றி வியர்வையைத் துடைத்துக் காட்டினான்.

"வியர்வை உள்ளுக்கிருந்து வாறது. இது ஆவியில இருந்து வாற தண்ணி," என்று றிஸானா மறித்தாள்.

வீட்டுக்குப் போய்ச் சோற்றுப் பானை மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். சோறு குழைந்துபோனது. கணவன் றிப்னாஸ் அதையே பிசைந்து சாப்பிட்டான். அடுத்த சனிக்கிழமை ஒரு கையை மூடிபோலக் கவிழ்த்து, அதன் கீழே மற்றக் கையின் விரல்களைக் குவித்து, ஒரு விரலை மட்டும் துளியாகச் சொட்டவிட்டாள். கிருசாந்தன்தான் முதலில் கைகளை உயர்த்தி ஆட்டினான். அதுதான் அவர்களுடைய கைதட்டல்.

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைக் கண்டதும் அவளுடைய கைகள் மேசைக்கடியில் தாமாகவே அந்தச் சைகைகளைச் செய்தன. மேற்பார்வையாளர் சந்தேகத்தோடு வந்து குனிந்தார். றிஸானா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை. அவர் குழம்பிப்போய்த் திரும்பி நடந்தார்.

விஞ்ஞானத்தில் அவள் தேறினாள்; 'சி' தரத் திறமைச் சித்தி கிடைத்தது. செய்தி சொல்ல அவள் வீடியோ அழைப்பு எடுத்தபோது, பரந்தன் ஊர்ப் பஸ் தரிப்பிடத்தில் சேர் நின்றார். ஒரு கையில் போனைப் பிடித்தபடி அவரால் எதைச் சொல்ல முடியும்? பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் காற்றை அள்ளி அள்ளி வாழ்த்தினார். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. போனைப் பிடித்திருந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் திரையில் தெரிந்த றிஸானாவைப் பார்த்து அவரும் சிரித்துக்கொண்டு நின்றார்.